நார்மண்டியில் பேக்பைப் (ஸ்காட்லாந்தின் காற்றுப்பை வாத்தியம்) வாசித்த பில் மில்லின், போருக்குப் பிறகு ஏன் ஒரு சாதாரண வேலைக்குப் போனார்?

நீங்கள் சாதாரணம் என்று சொல்லும் வேலை, மனநல மருத்துவமனையில் நர்ஸ் வேலை. நானும் அதே வேலையில்தான் இருக்கிறேன், அதுவும் இங்கிலாந்தின் தென்மேற்கில், அவர் கடைசி வரை வாழ்ந்த பக்கத்தில். பதிலில் கொஞ்சம் சூடு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போர்க் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். இரண்டாம் உலகப் போரில், 1944 ஜூன் 6, நேச நாட்டுப் படைகள் வந்து இறங்கிய பிரான்ஸின் நார்மண்டியில், ஸ்வோர்ட் என்று பெயரிட்ட கடற்கரை. மில்லினுக்கு 21 வயது. இடுப்பில் அவருடைய அப்பா முதல் உலகப் போரில் கட்டிய கில்ட் (ஸ்காட்லாந்து ஆண்கள் கட்டும் பாவாடை), காலுறையில் ஒரு சிறு கத்தி. வேறு ஆயுதம் கிடையாது. முந்தைய போரில் பைப்பர்கள் கொத்துக் கொத்தாகச் செத்ததால், சண்டை நடக்கும் இடத்தில் பைப் வாசிக்கக் கூடாது என்று விதி இருந்தது. அவருடைய தளபதி லோவட் பிரபுவோ, அது ஆங்கிலேயர்களின் போர் அலுவலகம் போட்ட விதி, ஸ்காட்லாந்துக்காரர்களான நம் இருவருக்கும் பொருந்தாது என்று சொல்லிவிட்டார். (மில்லின் பிறந்தது கனடாவில் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். வளர்ந்தது ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில்.) அப்படித்தான் மில்லின் சண்டைக்கு நடுவே பைப் வாசித்தார். பிறகு பிடிபட்ட ஜெர்மானியர்கள், பைத்தியம் போலிருக்கிறது என்று எண்ணித்தான் சுடாமல் விட்டோம் என்றார்களாம்.

போர் முடிந்ததும் லோவட்டின் பண்ணையில் வேலை பார்த்தார். 1950களில் கிளாஸ்கோவில் மனநல நர்ஸ் பயிற்சி. அடுத்த பத்தாண்டில் இங்கிலாந்தின் தென்மேற்கில் உள்ள டெவனுக்கு வந்து, 1988இல் ஓய்வு பெறும்வரை மருத்துவமனையில்தான் இருந்தார். கடற்கரையில் நடந்தது ஒரு காலைப்பொழுது. வார்டில் கழிந்தது பாதி ஆயுள். கட்டுரை எழுதுகிறவர்கள் அந்தப் பாதி ஆயுளை ஒரே வரியில் தாண்டிவிடுகிறார்கள். என் கோபம் அங்கேதான்.

அந்தக் காலத்தில் ஓர் ஆண் இந்த வேலைக்கு வந்தால் என்ன மரியாதை கிடைத்திருக்கும்? பிரிட்டனில் நர்ஸ்களின் அமைப்பான ராயல் காலேஜ் ஆஃப் நர்சிங் 1960 வரை ஆண்களை உறுப்பினராகவே சேர்த்துக்கொள்ளவில்லை. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். எனக்குப் பெண் பார்த்தபோது என் அப்பா பெண் வீட்டாரிடம், "பையன் லண்டனில் மெடிக்கல் லைன்" என்றார். நான் இருப்பது லண்டனும் இல்லை. பெண்ணின் மாமா விடவில்லை, துருவித் துருவிக் கேட்டார். "நர்ஸ், மாமா. மனநோயாளிகள் வார்டு" என்றேன். காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ஆம்பிளைப் பிள்ளைக்கு வேறு வேலை கிடைக்கவில்லையா?" என்றார். அந்தச் சம்பந்தம் நின்றுபோனது. என் மனைவி வேறு வீட்டுப் பெண். அவளுடைய அப்பா பஸ் கண்டக்டர், அவர் சம்பளத்தை மட்டும்தான் கேட்டார்.

அந்த மாமா ஒரு நாள் எங்கள் வார்டில் நின்று பார்க்க வேண்டும். சாப்பாடு முடிந்ததும் கத்தி, முள்கரண்டி எல்லாவற்றையும் எண்ணுவோம். ஒன்று குறைந்தாலும் கதவு திறக்காது. உயிரை மாய்த்துக்கொள்ளத் துடிப்பவரின் பக்கத்தில், கை எட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும், அவர் கழிப்பறைக்குப் போனாலும் கூடவே. ஒருவர் நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வந்தால், நாம் கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பி, உள்ளங்கை இரண்டும் தெரியும்படி நின்று, குரலைத் தாழ்த்திப் பேச வேண்டும். கையில் எதுவும் இருக்காது. ராணுவ வீரரோடு என்னை ஒப்பிட்டுக்கொள்கிறேன் என்று கிளம்பிவிடாதீர்கள். பீரங்கிக்கு எதிரே நான் ஒரு நிமிடம்கூட நிற்க மாட்டேன். போரில் கண்ட காட்சிகள்தான் அவரை இந்த வேலைக்கு இழுத்து வந்தன என்று கதை கட்டவும் மாட்டேன். நிலையான சம்பளமும் ஓய்வூதியமும் யாருக்குத்தான் வேண்டாம்?

    

மில்லின் 2010இல் டெவனில் காலமானார், வயது 88. அங்கே டாலிஷ் ஊர் அருங்காட்சியகத்தில் அவருடைய பைப் ஒன்று இருக்கிறது. 2013இல் பிரான்ஸின் கொல்வில்-மான்ட்கொமரியில், பைப்பும் கையுமாக அவருக்குச் சிலை வைத்தார்கள். வைக்கட்டும், தகுதியானவர்தான். ஆனால் வீரர் நர்ஸாகத் "தாழ்ந்துபோனார்" என்று இதே கேள்விக்கு இன்னொருவர் பதில் எழுதியிருக்கிறாரே, அந்த வார்த்தையை மட்டும் அவர் திருத்திவிட்டால் நல்லது.