வழக்கு முடியும்வரை மகனுக்கு வீட்டிலேயே கற்பிக்கலாமா?

கேள்வி: நான் தலவாக்கலைக்கு அருகிலுள்ள தோட்டமொன்றில் முன்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். கணவர் கொழும்பில் வேலை செய்கிறார். எங்கள் விவாகரத்து வழக்கு மாவட்ட நீதிமன்றத்தில் நடக்கிறது. தரம் 4இல் படிக்கும் மகன் என்னுடன் இருக்கிறான். குடும்பப் பிரச்சினையைச் சொல்லிச் சக மாணவர்கள் கேலி செய்ததால், காலையில் சீருடையைக் கண்டாலே வயிற்றுவலி என்று அழத் தொடங்கினான். இரண்டு மாதமாக நானே வீட்டில் கற்பிக்கிறேன். பிள்ளையின் படிப்பைக் கெடுப்பதாகக் கூறி, கட்டுக்காப்பை, அதாவது அவனைத் தம்மிடம் வைத்து வளர்க்கும் உரிமையை, தமக்குத் தரும்படி நீதிமன்றத்தைக் கேட்கப்போவதாகக் கணவர் சொல்கிறார். நான் செய்வது தவறா?

பதில்: அன்புச் சகோதரி, அழுகிற பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்ட உங்கள் மனம் எனக்குப் புரிகிறது. ஆயினும், உங்கள் நோக்கம் நல்லதாக இருந்தாலும், இந்த முடிவைத் தனியாக எடுத்ததும் அதைப் பற்றி எவருக்கும் எழுத்தில் அறிவிக்காததும் உங்கள் வழக்கைப் பலவீனப்படுத்தும் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டியிருக்கிறது.

கட்டாயக் கல்வி ஒழுங்குவிதிகள் 1998இல் 5 முதல் 14 வயதுவரையான பிள்ளைகளுக்கு நடைமுறைக்கு வந்தன; 2016இல் மேல் எல்லை 16 ஆக உயர்த்தப்பட்டது. பிள்ளையின் கல்விக்குப் போதுமானதும் தகுந்ததுமான வேறு ஏற்பாட்டைப் பெற்றோர் செய்திருந்தாலன்றி, அவனைப் பாடசாலைக்கு அனுப்புவது அவர்களது கடமை. ஆகவே வீட்டில் கற்பிப்பது தன்னளவில் குற்றமாகிவிடாது. ஆனால் நீங்கள் செய்திருக்கும் ஏற்பாடு போதுமானதுதான் என்று காட்டும் பொறுப்பு உங்கள்மேல் விழுகிறது. கணவரின் சட்டத்தரணி முதலில் கேட்கப்போவதும் இதைத்தான். நேர அட்டவணை எங்கே, பயிற்சிக் கொப்பிகள் எங்கே, கணிதத்தையும் சிங்களத்தையும் யார் கற்பிக்கிறார் என்று கேட்டால் கையில் எடுத்துக் காட்ட ஏதாவது இருக்க வேண்டும்.

இத்தகைய வழக்கில் தாய் பெரியவளா, தகப்பன் பெரியவரா என்று நீதிமன்றம் பார்ப்பதில்லை. பிள்ளையின் நலனே முதன்மையானது. ஒல்லாந்தர் காலத்திலிருந்து இங்கு வழங்கிவரும், தகப்பனின் உரிமைக்கு முன்னுரிமை கொடுத்த பழைய உரோமன் டச்சுச் சட்ட மரபும் இன்று அந்த நலனுக்குக் கீழ்ப்பட்டதே. இருந்தும், வழக்கு நடக்கும்போது ஒருவர் பிள்ளையின் அன்றாட வாழ்க்கையைத் தன்னிச்சையாக மாற்றினால், மற்றவரை ஒதுக்கிவைக்கவே அப்படிச் செய்தார் என்ற ஐயம் எழும். கணவர் கொழும்பில் இருப்பதால் அவருக்குப் பேச உரிமையில்லை என்று நினைக்க வேண்டாம். மகன் காலையில் படும் பாட்டை அவர் பார்த்ததில்லை என்பதையும் நான் மறக்கவில்லை.

எனவே இப்படிச் செய்யுங்கள். முதலில் வகுப்பாசிரியரையும் அதிபரையும் நேரில் சந்தித்து, கேலி நடந்த விபரத்தைத் திகதியுடன் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக ஒப்பம் வாங்குங்கள். வயிற்றுவலிக்காக வைத்தியரிடம் காட்டியிருந்தால் அந்தத் துண்டைப் பத்திரப்படுத்துங்கள். பிரதேச செயலகத்திலுள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடமும் சொல்லுங்கள். அடுத்த தவணையில் வேறு பாடசாலைக்கு மாற்ற முடியுமா என்று வலயக் கல்விப் பணிமனையில் விசாரியுங்கள். அடுத்த ஆண்டு தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை வருகிறது. அதற்குப் பாடசாலை வழியாகவே விண்ணப்பிக்க வேண்டும் என்பதால், இடாப்பில் பெயர் தொடர்ந்து இருப்பது அவசியம்.

அதன்பிறகும் சில காலம் வீட்டில் கற்பிப்பதே நல்லது என்று தோன்றினால், அதற்கு அனுமதி தரும் இடைக்காலக் கட்டளையை (வழக்கு முடியும்வரை செல்லுபடியாகும் உத்தரவை) உங்கள் சட்டத்தரணி மூலம் நீதிமன்றத்தில் கோருங்கள். கணவர் தடை கேட்பதற்கு முன் நீங்களே அனுமதி கேட்பது உங்களுக்கு மதிப்பைத் தரும். சட்டத்தரணி வைக்க வசதியில்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் கிளையை நாடுங்கள்.

மகனின் கொப்பியில் ஒவ்வொரு நாளும் திகதி போடுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் தகப்பனுடன் தொலைபேசியில் பேசட்டும். என்ன படித்தான் என்பதை அவனே சொல்லட்டும்.