புதுப்பித்த பழைய தோட்டத்தைப் பார்க்கப் போவது வீண்செலவா?

இங்கிலாந்தின் பெயின்ஸ்ஹில் தோட்டத்தில் இன்று காண்பவற்றில் பல அண்மையில் கட்டப்பட்டவைதானே, அதற்குக் கட்டணம் கொடுத்துப் போக வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். படங்களைப் பார்த்துவிட்டுத் தயங்குகிறீர்கள் என்று எண்ணுகிறேன். என்னுடன் வந்த உறவினர் ஒருவரும் வழிநெடுக ‘எல்லாம் போலி’ என்றே சொல்லிக்கொண்டு வந்தார். அதனால் இந்தக் கேள்வி எனக்குச் சுருக்கென்று தைக்கிறது.

சார்லஸ் ஹாமில்டன் 1738 முதல் 1773 வரை உருவாக்கிய தோட்டம் அது. கடன் நெருக்கடியில் அவர் அதை விற்றார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கவனிப்பாரின்றிப் புதர் மண்டிக் கிடந்ததை, 1981இல் அமைக்கப்பட்ட அறக்கட்டளை அகழாய்வுகளையும் பழைய ஆவணங்களையும் துணைக்கொண்டு படிப்படியாக மீட்டது. அங்குள்ள கோதிக் கோவில் என்னும் கூர்வளைவு அலங்கார மண்டபம் முதலிலேயே கல் போலத் தோன்றும்படி வண்ணம் பூசிய மரக் கட்டுமானம்; இடிந்த மடாலயமோ இடிந்ததாகவே கட்டப்பட்டது. தோற்றத்தால் மயக்குவதே நோக்கமாக இருந்த தோட்டத்தில், பழுதான மரத்தை மாற்றியதால் உண்மை எப்படிக் குறைந்துவிடும்?

ஏரித்தீவில் உள்ள செயற்கைக் குகையைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. வெளிச்சத்திலிருந்து இருண்ட வழிக்குள் நுழைந்து வளைந்து சென்றால், மேலிருந்து தொங்கும் கூம்புகளில் பதித்த படிகங்கள், ஏரி நீரில் பட்டு உள்ளே வரும் ஒளியில் மின்னுகின்றன. கூரை சரிந்து கிடந்த அந்தக் குகை அறையை 2013இல்தான் முழுமையாக்கினார்கள் என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. இருந்தும் பேச்சு எழவில்லை. உறவினரும் அங்கே வாய் திறக்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும்.

சான்றே இல்லாமல் கற்பனையாக எழுப்புவதையும் நான் ஆதரிப்பதாக யாரும் கருத வேண்டாம். அது வேறு, இது வேறு.

எனக்கு இன்றும் ஆறாத வருத்தம், எங்கள் சுற்றுலா ஏற்பாட்டாளர் கடைத்தெருவுக்குத் தந்த நேரத்தில் பாதியைக்கூட இந்தத் தோட்டத்துக்குத் தராததுதான். ஒரு திருப்பத்தில் மறையும் கட்டடம் அடுத்த திருப்பத்தில் ஏரிக்கு அப்பால் தோன்றும்படி வகுத்த பாதையில், ஓடிப் பார்ப்பவருக்கு ஒன்றும் கிட்டாது. குகை எப்போதும் திறந்திருப்பதில்லை என்பதால் அதன் நேரத்தை முன்னதாக விசாரித்துக்கொண்டு, குறுக்கு வழி தேடாமல் அந்தச் சுற்றுப்பாதையிலேயே நடந்து பாருங்கள்.