பயத்தில் நேரம் நீளுகிறதா? வந்த கேள்விகளும் என் பதில்களும்

கேள்வி: பைக்கிலிருந்து விழுந்தபோது எல்லாம் ஸ்லோ மோஷனில் நடந்தது. ஆபத்தில் மூளை வேகமாக வேலை செய்யுமா?

பாதிப் பேர் இதைத்தான் கேட்டிருக்கிறீர்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மூளை ஆய்வாளர் டேவிட் ஈகிள்மேன் குழு 2007-இல் வெளியிட்ட சோதனை ஒன்றில், ஆட்களை 31 மீட்டர் உயரத்திலிருந்து கயிறே இல்லாமல் கீழே இருக்கும் வலையில் மல்லாக்க விழவைத்தார்கள். கையில் ஒரு சின்னத் திரை, அதில் எண்கள் கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் மாறி மாறி மின்னும். மூளை நிஜமாகவே ஸ்லோ மோஷனில் பார்க்கிறது என்றால், விழும்போது அந்த எண்ணைப் படித்துவிட முடியும் இல்லையா? முடியவில்லை. ஆனால் 'எவ்வளவு நேரம் விழுந்தீர்கள்?' என்று பிறகு கேட்டால், அடுத்தவர் விழுந்ததற்குச் சொன்ன நேரத்தைவிடத் தங்களுடையதைச் சராசரியாக 36 சதவீதம் கூட்டிச் சொன்னார்கள். விழுந்தது என்னவோ இரண்டரை விநாடிதான்! பயத்தில் நினைவு சாதாரணமாகப் பதிவதைவிட அடர்த்தியாகப் பதிகிறது, திரும்பிப் பார்க்கும்போது அவ்வளவு விவரம் இருப்பதால் நேரமும் நீளமாகத் தெரிகிறது என்பது அவர்கள் விளக்கம்.

அப்போ நான் சொன்னது பொய்யா?

அட, இல்லை. உங்களுக்கு அப்படித்தான் நினைவிருக்கிறது.

ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும்போது மட்டும் கடிகாரம் நகரவே மாட்டேன் என்கிறதே?

இது வேறு கதை, இங்கே நினைவு இல்லை, கவனம். உள்ளே ஏதோ ஒன்று துடித்துக்கொண்டே இருக்கிறது, அந்தத் துடிப்புகளை மனம் எண்ணுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள் (மூளையில் அப்படி ஒரே இடத்தில் கடிகாரம் உட்கார்ந்திருக்கவில்லை, ஆய்வாளர்கள் வைத்துப் பார்க்கும் ஒரு மாதிரிதான் இது). பதற்றத்தில் துடிப்பு வேகமாகிறது, வேறு வேலை இல்லாததால் ஒன்றுவிடாமல் எண்ணவும் செய்கிறோம். இரண்டும் சேர்ந்தால் பத்து நிமிடம் அரை மணி ஆகத்தானே செய்யும்.

சந்தோஷமாக இருந்தால் நேரம் பறப்பது உண்மையா?

பாதி உண்மை. சும்மா நிம்மதியாக உட்கார்ந்திருந்தால் அவ்வளவாகப் பறக்காது. ஒன்றை அடையவேண்டும் என்று ஆசையாக அதன் பின்னால் போகும்போதுதான் பறக்கிறது, 2012-இல் வந்த, கேபிள், பூல் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்களின் ஆய்வு இதைத்தான் காட்டியது.

டூர் போன ஒரு வாரம் ஓடியே போய்விட்டது, ஆனால் இப்போது நினைத்தால் ஒரு மாதம் இருந்த மாதிரி. ஏன் இப்படி?

புதிது புதிதாகப் பார்த்ததால்தான். உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890-லேயே எழுதிவைத்துவிட்டார்: சுவாரசியமான நேரம் நடக்கும்போது குட்டை, திரும்பிப் பார்க்கையில் நெட்டை, வெறுமையான நேரம் இதற்கு நேரெதிர். அதனால் என்னிடம் யார் 'நேரம் நீண்டது' என்று சொன்னாலும், அப்போதா பிறகா என்றுதான் முதலில் கேட்பேன். இதைப் பிரிக்காமல் பேசினால் எல்லாப் பதிலும் குழம்பும்.

மன அழுத்தத்தில் (டிப்ரெஷன்) இருக்கிறேன். நாள் நகரவே இல்லை. மூளையில் ஏதாவது கோளாறா?

மன அழுத்தத்தில் இருப்பவர்கள் பலரும் இதையே சொல்கிறார்கள். ஆனால் விநாடிகளை மதிப்பிடச் சொல்லிச் சோதித்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், மற்றவர்களுக்கும் இவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அளக்கும் திறன் கெடவில்லை, நாள் போகிற உணர்வுதான் கனத்துப்போகிறது. சில வாரங்களாக இப்படியே இருந்தால் மருத்துவரிடம் போங்கள், போகும்போது இதையும் சொல்லுங்கள், சின்ன விஷயம் என்று விட்டுவிடாதீர்கள்.

ஒரு அடிதடியை நேரில் பார்த்தேன். எவ்வளவு நேரம் நடந்தது என்று போலீஸ் கேட்டால் என்ன சொல்வது?

நல்ல கேள்வி. நினைவைப் பற்றி ஆராயும் உளவியலாளர் எலிசபெத் லோஃப்டஸ் குழு 1987-இல் 30 விநாடி ஓடும் வங்கிக் கொள்ளை வீடியோவைக் காட்டிவிட்டுக் கேட்டபோது, பார்த்தவர்கள் சொன்ன நேரம் அதைவிட மிகவும் அதிகம். அதனால் 'ஐந்து நிமிடம்' என்று அடித்துச் சொல்லாதீர்கள். முதலில் யார் வந்தார், அப்புறம் யார் கையை ஓங்கினார் என்று வரிசையைச் சொல்லுங்கள், நேரத்தைக் கேட்டால் 'தோராயமாக' என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.