ராத்திரி 11 மணிக்கு ‘மிஸ், நாளைக்கு என்ன டெஸ்ட்?’

கேள்வி: தாராவியில் குடியிருக்கிறேன். பக்கத்திலேயே ஒரு தனியார் பள்ளியில் நான்காம் வகுப்பு எடுக்கிறேன். பெற்றோர் பலரும் எங்களைப் போல நெல்லைப் பக்கத்துக்காரர்கள். ராத்திரி 11 மணிக்கு ‘மிஸ், நாளைக்கு என்ன டெஸ்ட்?’ என்று வாட்ஸ்அப்பில் வரும். பதில் போடாவிட்டால் காலையில் குழாயடியில், ‘மிஸ் பெரிய ஆளாயிட்டாங்க’ என்கிறார்கள். அத்தை முறையுள்ள ஒருவர், என் வகுப்பில் படிக்கும் பேரனுக்கு டியூஷன் எடுக்கச் சொல்லி நச்சரிக்கிறார். ஞாயிற்றுக்கிழமையும் சூப்பர்வைசர் மேடம் வேலை அனுப்புகிறார். ‘போனைத் தூக்கிப் போடு’ என்கிறார் கணவர். முகத்தை முறித்துக்கொள்ளாமல் எப்படிச் சமாளிப்பது?
– ஓர் ஆசிரியை, மும்பை

பதில்: போன் பாவம், விடுங்கள். 11 மணிக்குக் கேட்கிறவரை முதலில் பார்ப்போம். வேலை முடிந்து, லோக்கல் ரயிலில் நசுங்கி, வீட்டுக்கு வந்து சாப்பிட்ட பிறகுதான் அவர் பிள்ளையின் பையைத் திறக்கிறார். டைரியில் ஒன்றும் எழுதியிருக்காது. யாரைக் கேட்பார்? அதனால் பள்ளி விட்டதுமே ஹோம்வொர்க், டெஸ்ட் இரண்டையும் குரூப்பில் போட்டுவிடுங்கள். அட்மின் மட்டுமே செய்தி அனுப்பும்படி குரூப்பை மாற்றிவிடுங்கள். பாதித் தொல்லை இதிலேயே அடங்கும்.

அப்புறம் ஒரு செய்தி: ‘வகுப்பு விஷயங்களுக்கு மாலை 5 முதல் 6 வரை பதில் தருவேன். பிறகு வருவதை மறுநாள்தான் பார்ப்பேன். பிள்ளை வீடு வந்து சேரவில்லை என்பது மாதிரி அவசரமென்றால் எந்நேரமும் போன் செய்யுங்கள்.’ அவ்வளவுதான். மன்னிப்பும் வேண்டாம், காரணமும் வேண்டாம். மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று எழுதினால், மாமியார் எப்போது தேறுவார் என்று விசாரிப்பார்கள். ஒருவருக்கு மட்டும் ஒன்பதரைக்குப் பதில் போட்டாலும் கதை முடிந்தது. உங்கள் தெருவில் விடிவதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

குழாயடியில் எதை வேண்டுமானாலும் பேசுங்கள், பிள்ளையின் மார்க்கை மட்டும் பேசாதீர்கள். நாலு பேர் குடத்தோடு நிற்கும்போது ‘இவன் கணக்குல எப்படி மிஸ்?’ என்று கேட்டால், பக்கத்தில் நிற்கும் பையனின் முகத்தைப் பாருங்கள். ‘அதை இங்க வேண்டாம்க்கா, சனிக்கிழமை ஸ்கூலுக்கு வாங்க, நோட்டைக் காட்டியே பேசலாம்’ என்று சொன்னால் போதும். வரச்சொன்ன நாளில் நீங்கள் உட்கார்ந்து பேச வேண்டும். பெற்றோரைச் சந்தித்துப் பிள்ளையின் படிப்பைப் பற்றிச் சொல்வது, கல்வி உரிமைச் சட்டமே ஆசிரியருக்குக் கொடுத்திருக்கும் கடமை.

அத்தைக்கும் அந்தச் சட்டமே பதில். 2009-இல் வந்த அந்தச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு, ஆசிரியர் தனியார் டியூஷன் எடுக்கக் கூடாது என்கிறது. ‘சட்டம் விடாது அத்தை, வேலை போயிடும்’ என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். சட்டம் இல்லாவிட்டாலும் நான் வேண்டாமென்றுதான் சொல்லியிருப்பேன். காசு வாங்கிச் சொல்லிக்கொடுத்த பிள்ளையின் தாளை நீங்களே திருத்தினால், நியாயமாகத் திருத்தினாலும் யார் நம்புவார்கள்?

மேடம் விஷயம் அத்தனை சுலபமில்லை, சம்பளம் அவர் பக்கம் இருக்கிறது. அந்தச் சட்டத்தின் அட்டவணையில் ஆசிரியருக்கு வாரம் குறைந்தது 45 மணி நேர வேலை, பாடத் தயாரிப்பையும் சேர்த்து என்று இருக்கிறது. குறைந்தது என்பதால் அதை வைத்துச் சண்டை போட முடியாது. ஆனால் வீட்டில் உட்கார்ந்து தயார் செய்வதும் வேலைதான் என்று எடுத்துச் சொல்ல அது உதவும். ஞாயிறு வந்த வேலைக்குத் திங்கள் காலையில், ‘மேடம், ரிப்போர்ட் கார்டும் இருக்கிறது, எதை முதலில் முடிக்கட்டும்?’ என்று எழுத்திலேயே கேளுங்கள். தனியாகப் போய் முறையிட வேண்டாம். ஸ்டாஃப் ரூமில் இதே புலம்பல் உள்ள இரண்டு மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு போங்கள்.

நடு வருடத்தில் பழக்கத்தை மாற்றுவது சிரமம்தான். தீபாவளி லீவு முடிந்து பள்ளி திறக்கும் அன்று அந்தச் செய்தியைப் போடுங்கள். முதல் வாரம் முணுமுணுப்பார்கள். ஜூனில் புது வகுப்பு வரும்போது, குரூப் தொடங்கும் அன்றே போட்டுவிடுங்கள்.