அமெரிக்கக் குடியுரிமையைத் துறந்தால் வரிக் கடமை தீருமா?

கோவையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். பெற்றோர் வேலை நிமித்தம் நியூ ஜெர்சியில் இருந்தபோது அங்கே பிறந்து, நான்கு வயதில் ஊர் திரும்பியவர். இப்போது வயது 31. அமெரிக்கக் கடவுச்சீட்டும், இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்கு இந்திய அரசு தரும் ஓ.சி.ஐ. அட்டையும் வைத்திருக்கிறார். மென்பொருள் நிறுவனச் சம்பளத்துக்கு இங்கே ஒழுங்காக வரி கட்டுகிறார். அமெரிக்காவில் ஒருமுறைகூடக் கணக்குத் தாக்கல் செய்ததில்லை. குடியுரிமையைத் துறந்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடுமா என்பது அவருடைய கேள்வி.

முடியாது. துறப்பு, அந்தத் தேதிக்குப் பிந்தைய கடமையை மட்டுமே நீக்கும். கடந்த ஆண்டுகளைச் சரிசெய்யாமல் துறப்பது நிலைமையை மோசமாக்கவும் கூடும்.

பெரும்பாலான நாடுகள் வசிப்பிடத்தைப் பார்த்து வரி விதிக்கின்றன. அமெரிக்காவோ குடியுரிமையைப் பார்த்தே விதிக்கிறது. மெக்சிகோவில் குடியிருந்த குக் என்பவர் தொடுத்த வழக்கில், 1924ஆம் ஆண்டிலேயே அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இது செல்லும் என்று தீர்ப்பளித்துவிட்டது. 1989இல் கையெழுத்தான இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தமும் உங்களைப் பெரிதாகக் காப்பாற்றாது. தன் குடிமக்களுக்கு வரி விதிக்கும் உரிமையை அமெரிக்கா அந்த ஒப்பந்தத்திலேயே தக்கவைத்துக்கொண்டுள்ளது.

ஆனாலும், சம்பளத்துக்காக நீங்கள் அமெரிக்காவுக்கு வரி கட்ட வேண்டியிருக்கும் வாய்ப்பு குறைவு. வெளிநாட்டில் உழைத்து ஈட்டும் வருமானத்தில் 2025ஆம் ஆண்டுக்கு 1,30,000 டாலர் வரை விலக்குக் கோரலாம். அல்லது இந்தியாவில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம். இவ்விரண்டும் தாமாகக் கிடைப்பவை அல்ல, கணக்குத் தாக்கல் செய்து கேட்டுப் பெற வேண்டியவை. வட்டி, வாடகை, பங்கு ஈவு ஆகியவற்றுக்கு முதல் விலக்கு பொருந்தாது.

உண்மையில் நான் அஞ்சுவது மியூச்சுவல் ஃபண்டை நினைத்துத்தான். மாதந்தோறும் எஸ்.ஐ.பி. கட்டுகிறீர்களென்றால், அந்த இந்திய ஃபண்டுகளை அமெரிக்கச் சட்டம் தனி வகையாகக் கருதுகிறது. முன்கூட்டியே வேறு முறையைத் தேர்ந்தெடுத்திராவிட்டால், விற்கும்போது வரும் லாபம் நீங்கள் வைத்திருந்த ஆண்டுகள் அனைத்துக்கும் பிரிக்கப்பட்டு, முந்தைய ஆண்டுகளின் பங்குக்கு அந்தந்த ஆண்டின் உச்ச வரி விகிதமும் அதன்மேல் வட்டியும் சுமத்தப்படும். சிறுகச் சிறுகச் சேமித்த பணம் இப்படிக் கரைவது எனக்கு நியாயமாகத் தோன்றவில்லை. ஆனால் இன்றுள்ள சட்டம் அதுதான். ஆலோசனை பெறும்வரை புதிய தவணைகளை நிறுத்தி வையுங்கள். அவசரப்பட்டு எதையும் விற்றுவிடாதீர்கள்.

வங்கிக் கணக்கு அறிக்கை தனிக் கடமை. உங்கள் வெளிநாட்டுக் கணக்குகளின் மொத்த இருப்பு ஆண்டில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டியிருந்தால், வரி ஏதும் இல்லாவிட்டாலும் அதைத் தெரிவித்தாக வேண்டும். ருமேனியாவில் வாழ்ந்த பிட்னர் என்ற அமெரிக்கக் குடிமகன் ஐந்து ஆண்டுகள் இந்த அறிக்கையைத் தரத் தவறியதற்கு, கணக்குக்கு ஒன்றாக எண்ணி 27.2 லட்சம் டாலர் அபராதம் விதித்தார்கள். வேண்டுமென்றே செய்யாத தவறுக்கு அறிக்கைக்கு ஒன்று என்றே எண்ண வேண்டும் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் கூறிய பிறகு அது 50,000 டாலராகக் குறைந்தது. குறைந்த தொகையே எவ்வளவு பெரிது என்று பாருங்கள்.

அறியாமையால் தவறியவர்களுக்கு வழி இருக்கிறது. வெளிநாடுவாழ் அமெரிக்கர்களுக்கான எளிய நடைமுறையில் மூன்று ஆண்டு வருமானக் கணக்கும் ஆறு ஆண்டு வங்கி அறிக்கையும் தந்து, வேண்டுமென்றே மறைக்கவில்லை என்று உறுதியளித்தால், வரியும் வட்டியும் மட்டும் கட்டினால் போதும், அபராதம் இல்லை. ஆனால் துறப்புக்கு இது மட்டும் போதாது. துறக்கும் ஆண்டுக்கு முந்தைய ஐந்து ஆண்டுகளின் வரிக் கடமைகள் அனைத்தையும் நிறைவேற்றியதாக 8854 என்ற படிவத்தில் உறுதிமொழி தர வேண்டும். குடியுரிமையைத் துறப்பவர்மீது விதிக்கப்படும் வெளியேற்ற வரி 20 லட்சம் டாலர் சொத்து உள்ளவர்களுக்குத்தான் என்று பலர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். அந்த உறுதிமொழியைத் தர முடியாதவர், சொத்து எவ்வளவு குறைவாக இருந்தாலும், அதே பிரிவில் சேர்க்கப்படுவார். இதுவரை கணக்கே தாக்கல் செய்யாதவர்களுக்காக 2019இல் ஒரு நிவாரணமும் வந்தது: சொத்து 20 லட்சம் டாலருக்குள் இருந்து, துறந்த ஆண்டையும் முந்தைய ஐந்து ஆண்டுகளையும் சேர்த்து மொத்த வரி 25,000 டாலரைத் தாண்டாவிட்டால், கணக்குகளைத் தந்தால் போதும், அந்த வரி தள்ளுபடியாகும். உங்கள் நிலைக்கு இது பொருந்தக்கூடும். இந்தியக் கணக்கை மட்டும் பார்க்கும் ஆடிட்டரிடம் அல்லாமல், அமெரிக்க வரி தெரிந்தவரிடம் காட்டிக் கேளுங்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று. ஓ.சி.ஐ. அட்டை குடியுரிமை ஆகாது. அது வெளிநாட்டுக் குடிமகனுக்குத் தரப்படும் அட்டை. வேறு குடியுரிமை உறுதியாகாமல் துணைத் தூதரகத்தில் துறப்பு உறுதிமொழியில் கையெழுத்திட்டால், நீங்கள் எந்த நாட்டுக்கும் உரியவர் அல்லாதவராக ஆகிவிடலாம், அதைத் திரும்பப் பெறவும் முடியாது. ஓ.சி.ஐ. பதிவாகி ஐந்து ஆண்டுகள் ஆகி, விண்ணப்பத்துக்கு முந்தைய பன்னிரண்டு மாதங்கள் இந்தியாவில் வசித்தவர், 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்கீழ் இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் ஏற்கப்பட்டால் பழைய குடியுரிமையைத் துறப்பேன் என்று அப்போது எழுதித் தர வேண்டும். முதலில் அந்த விண்ணப்பத்தைக் கொடுங்கள். அதற்குக் காத்திருக்கும் காலத்தில் அமெரிக்கக் கணக்குகளை ஆண்டுவாரியாகத் தயார்செய்து வையுங்கள். துறப்புக்கான நேர்காணலுக்கு அதன் பிறகு நாள் கேட்டால் போதும்.