லாச்சிக்குள் கிடக்கும் மவுத் ஓர்கன்கள்

அன்புள்ள ஐயா,

நான் களுவாஞ்சிகுடியில் இருக்கிறேன். எட்டு மாதமாக யூடியூப் பார்த்து ஹார்மோனிக்கா பழகுகிறேன். பத்து ஓட்டையுள்ள சி சுருதிக் கருவி ஒன்றை ஒன்லைனில் வாங்கினேன். அதன் கீழ்ஸ்தாயியில் ம, த என்ற சுரங்கள் இரண்டும் வரவே இல்லை. பழுதான சாமானைத் தந்துவிட்டார்களோ தெரியவில்லை. மட்டக்களப்பில் ஹார்மோனிக்கா வாசிப்பவர்கள், படிப்பிப்பவர்கள் இருக்கிறார்களா? இசை வகுப்பு நடத்தும் மூன்று பேரிடம் கேட்டேன், இல்லை என்றார்கள். அமெரிக்காவில் இதற்கென்றே கழகங்கள் உண்டாம். இங்கும் ஒன்று தொடங்க நண்பர்கள் மூவர் சேர்ந்து யாப்பு (சங்க விதிகள்) எழுதுகிறோம். தலைவர், செயலாளர் தெரிவு முடிந்துவிட்டது. நீங்கள் போஷகராக இருக்க வேண்டும். இதற்குப் பரீட்சை, சான்றிதழ் ஏதும் உண்டா?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த கிழமைதான் மேசை லாச்சியைத் துப்புரவாக்கினேன். என் பழைய மவுத் ஓர்கன் கையில் பட்டது. நீங்கள் ஹார்மோனிக்கா என்பது இதைத்தான். உள்ளே இருக்கும் மரச்சட்டம் ஈரத்தில் ஊதிப்போய், பித்தளை நாக்குகளில் பச்சை பிடித்துக் கிடந்தது. அதைத் துடைத்து வைத்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

போஷகர் பதவி எனக்கு வேண்டாம். பரீட்சை, சான்றிதழ் பேச்சும் இப்போது வேண்டாம். அமெரிக்காவில் 1963 இலேயே டெட்ராய்ட்டில் இதற்குச் சங்கம் அமைத்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் அங்கே வாசிக்கிறவர்கள் கூடிச் சங்கம் ஆனார்கள். நீங்கள் வாசிக்கத் தெரிந்த ஒருவரைக்கூடக் காணாமல் யாப்பு எழுதுகிறீர்கள். அதை வாசித்தபோது எனக்குக் கோபம் வந்தது. நம் ஊரில் எத்தனை மன்றங்கள் முத்திரையும் கடிதத் தலைப்பும் அடித்த கையோடு படுத்துவிட்டன! அந்த யாப்பை மடித்து வையுங்கள்.

உங்கள் சாமான் பழுதில்லை. பத்து ஓட்டை ஓர்கனைச் செய்ததே அப்படித்தான். கீழே ஊதினால் ச, க, ப சேர்ந்து ஒலிக்க வேண்டும், மூச்சை உள்ளே இழுத்தால் ப, நி, ரி சேர்ந்து ஒலிக்க வேண்டும் என்பதற்காக மவையும் தவையும் அங்கே விட்டுவிட்டார்கள். முழுச் சங்கராபரணமும், அதாவது ச முதல் மேல் ச வரை எல்லாச் சுரமும், நாலாம் ஓட்டையிலிருந்து ஏழாம் ஓட்டைக்குள் கிடைக்கும். கீழேயும் அந்த இரண்டு சுரமும் வேண்டுமென்றால் வளைத்துத்தான், அதாவது வாய்க்குள் நாக்கின் நிலையை மாற்றிச் சுரத்தைக் கீழே இறக்கித்தான், எடுக்க வேண்டும். இரண்டாம் ஓட்டையை இழுத்து வளைத்தால் ம, மூன்றாம் ஓட்டையை இழுத்து வளைத்தால் த. எட்டு மாதம் காணொளி பார்த்தும் இது பிடிபடவில்லை என்றால் அதில் ஆச்சரியமில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது.

1978 நவம்பர் 23 சூறாவளியில் கல்லடியில் எங்கள் வீட்டுக் கூரை போனது. அடுத்த வருடம் அதை வேய வந்தவர் டச்பாரைச் சேர்ந்த ஒரு பறங்கி (போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் வழிவந்த) ஓடாவியார், தச்சர். எனக்குப் பன்னிரண்டு வயது. மத்தியானச் சோற்றுக்குப் பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு ஹோனர் ஓர்கனை எடுத்து, கலியாண வீடுகளில் அவர்கள் ஆடும் கஃப்ரிஞ்ஞாவை வாசித்தார். நான் சாப்பாட்டுக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டுப் போய் அவர் முன்னால் குந்தினேன். கூரை வேலை முடிந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பட்டறைக்குப் போய்வந்தேன்.

அவர் ஒரு நாளும் என் முகத்தைப் பார்த்துப் படிப்பித்ததில்லை. எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சீவுளி போடுவார். நான் பின்னாலிருந்து ஊதுவேன். ஏழாம் ஓட்டையில் முறை தலைகீழாகும். அதுவரை ஊதி இழுத்துக்கொண்டு போனவன் அங்கே முதலில் இழுத்து, பிறகு ஊத வேண்டும். நான் அங்கே போய் இடறுவேன். சீவுளி நிற்கும். திரும்பாமலே, “இழு மனே, ஊதாத. மறுகா ஒருக்கா” என்பார். சுரம் வளைக்கும்போது, “வாயில ஈ இருக்குது, அத ஊ ஆக்கு” என்பார். என் நாக்கு எங்கே நிற்கிறது என்பது மரம் சீவும் மனிதருக்கு எப்படித் தெரிந்தது என்று அப்போது வியந்தேன்.

இதைத்தான் இத்தனை வருடமாக ஆட்களிடம் சொல்லிவருகிறேன். கிற்றாரில் விரலைப் பார்க்கலாம், வயலினில் வில்லைப் பார்க்கலாம், மிருதங்கத்தில் கையைப் பார்க்கலாம். மவுத் ஓர்கனில் பார்க்க ஒன்றுமே இல்லை. நாக்கு, தொண்டை, மூச்சு எல்லாம் உள்ளே. ஆர்மோனியத்திலும் இதே போன்ற பித்தளை நாக்குகள்தான், ஆனால் அதன் துருத்தியை வெளியே காணலாம். இங்கே துருத்தி உங்கள் நெஞ்சுக்குள் இருக்கிறது. எவ்வளவு பெரிய வித்துவான் காணொளி போட்டாலும் நீங்கள் பார்ப்பது இரண்டு கையும் ஒரு மீசையும்தான். அவர் உங்களைக் கேட்பதில்லை. இந்த வாத்தியத்தில் வாத்தியாரின் வேலை காட்டுவதல்ல, கேட்பது. வாசிக்கத் தெரிந்த காது ஒன்று உங்கள் பக்கத்தில் இருந்தாக வேண்டும். கழகம் வேண்டியது அதற்குத்தான். மாதம் ஒரு தடவை நாலு பேர் ஒரு திண்ணையில் இருந்து ஒருவர் வாசிப்பதை ஒருவர் கேட்டால் அது கழகம். தலைவர் தேவையில்லை.

ஓடாவியார் 1994 இல் காலமானார். அடக்கம் முடிந்து பந்தலுக்குள் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். ஒரு வயோதிபர் பையிலிருந்து மவுத் ஓர்கன் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். அதைக் கண்டு பக்கத்துக் கதிரைக்காரர் தன் பையைத் தடவினார். இப்படி நாலு பேர். ஒருவர் ஓய்வுபெற்ற தபால்காரர், என் வீட்டுக்கு அடுத்த ஒழுங்கை. ஒருவர் காத்தான்குடியில் தறி நெய்த முஸ்லிம் காக்கா. எங்களுக்கும் அவர்களுக்கும் இடையே அவ்வளவு நடந்திருந்த அந்தக் காலத்திலும் வந்திருந்தார். நாலு பேரும் ஓடாவியாரிடம் பழகியவர்கள், ஒருவரையொருவர் அன்றுதான் கண்டார்கள். பதினைந்து வருடமாக அவரிடம் பழகியவன் நான் ஒருவன்தான் என்று நினைத்திருந்தேன். “உங்களிடம் வேறு யார் வருகிறார்கள்” என்று அவரிடம் ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம்.

சேர்ந்து வாசிக்கப் பார்த்தார்கள். இரண்டு பேரிடம் சி, மற்ற இருவரிடம் வேறு சுருதி. ஒத்துவராமல் இருவர் வாசிக்க, இருவர் கேட்டிருந்தார்கள். இருட்டுமுன் வீடு சேர வேண்டிய காலம் அது. எழுந்து போய்விட்டார்கள். நான் யாருடைய விலாசத்தையும் எழுதிக்கொள்ளவில்லை. அது என் பிழை, இன்றும் உறுத்துகிறது.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது தேடுவது. அதுவும் ஹார்மோனிக்கா என்று கேட்காதீர்கள். அந்தப் பெயரில் கேட்டால் இங்கே யாருக்கும் விளங்காது. மவுத் ஓர்கன் என்று கேளுங்கள். சலூனில், தையல் கடையில், சைக்கிள் திருத்தும் இடத்தில் கேளுங்கள். பஜனைக்கு ஆர்மோனியம் வாசிப்பவரிடமும் சேர்ச் கொயரிலும் கேளுங்கள். கல்லடியில் சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவக மாணவர்களிடம் சொல்லி வையுங்கள். வயலின் படிக்கும் ஒரு பிள்ளையின் மாமா வீட்டு லாச்சியில் ஒன்று கிடக்கும். பலரிடம் இருபத்துநாலு ஓட்டைச் சீன ஓர்கன்தான் இருக்கும். ஒரு சுரத்துக்கு இரண்டு நாக்கு, சற்றே பிசகின சுருதி, அதனால் ஒலி நடுங்கி வரும். அதில் நீங்கள் கேட்கும் வளைவு சரியாக வராது. பரவாயில்லை, மூச்சு படிக்கலாம். எல்லோரும் சி கொண்டுவரச் சொல்லுங்கள். ஒருவர் வாய் வைத்ததை இன்னொருவர் வாங்கி ஊத வேண்டாம்.

அப்புறம், அந்த நாலு பேரில் இளையவருக்கு அன்று ஐம்பது வயது. ஆரையம்பதியில் இருக்கிறார் என்று போன வருடம்தான் தெரிந்தது. உங்கள் கடிதத்தோடு போய்ப் பார்த்தேன். முழுவதையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். மவும் தவும் வரவில்லை என்ற இடத்தில் சிரித்தார். ஞாயிற்றுக்கிழமை உங்களைக் கூட்டிவரச் சொல்லியிருக்கிறார். பின்னேரம் அவருக்கு மூச்சு வாங்கும், காலை எட்டு மணிக்கே வந்துவிடுங்கள்.