இலக்கு யாருடையது?

கேள்வி: மொரிஷியசில், எபேனில் ஒரு கால்சென்டரில் டீம் லீடராக இருக்கிறேன். வாடிக்கையாளர்கள் எல்லாரும் பிரான்சில். என் குழுவில் எட்டுப் பேர், கெட்டிக்காரர்கள்தான். ஆனால் சொன்னதைத் தாண்டி ஒன்றும் செய்வதில்லை, எதற்கெடுத்தாலும் "என்ன செய்யட்டும் மேடம்?" என்று வந்து நிற்கிறார்கள். தாங்களாகவே இலக்கு வைத்து வேலை செய்ய இவர்களை எப்படிப் பழக்குவது?
- வாசகி, குவாத்ர் போர்ன்

பதில்: வந்து நிற்கிறவருக்கு உடனே வழி சொல்லி அனுப்பிவிடுகிறீர்கள், இல்லையா? அப்புறம் அவர் எதற்கு யோசிக்க வேண்டும்? இனி "உங்களிடம் விட்டால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். அவர் சொல்வது உங்கள் வழியாக இல்லாவிட்டாலும், வாடிக்கையாளருக்குக் கெடுதல் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். ஒரு தடவை குறுக்கே போய் மாற்றினீர்கள் என்றால், மறுநாள் எட்டுப் பேரும் உங்கள் மேஜை முன்னால்தான்.

முதலில் ஏதாவது ஒரு விஷயத்தை முழுதாக ஒப்படையுங்கள். தைப்பூசக் காவடி மொரிஷியசில் அரசு விடுமுறை, பிரான்சிலோ வேலை நாள், போன் அடித்துக்கொண்டே இருக்கும். அன்றைய ட்யூட்டி பட்டியலை அவர்களே போடட்டும். "மூன்று பேர் கட்டாயம் இருக்க வேண்டும்" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நீ காவடிக்குப் போ, சீனப் புத்தாண்டுக்கு எனக்கு விடு என்று அவர்களுக்குள்ளேயே பேசி முடித்துவிடுவார்கள், அப்படி முடித்த பட்டியலைக் காப்பாற்றவும் செய்வார்கள்.

சரி, மேலிடத்திலிருந்து வரும் டார்கெட்டை என்ன செய்வது? அதை மாற்ற உங்களாலும் முடியாதுதான். இலக்கை ஊழியர்களே சேர்ந்து வைத்தால்தான் பலன் உண்டா என்பதில் கேரி லேத்தம், மிரியம் எரெஸ் என்ற இரண்டு ஆய்வாளர்களுக்கு எதிரெதிர் முடிவுகள் கிடைத்தன. எட்வின் லாக் என்ற இன்னொரு ஆய்வாளரை நடுவராக வைத்து இருவரும் சேர்ந்தே சோதித்து 1988-ல் வெளியிட்டார்கள். காரணத்தை விளக்கிக் கொடுத்த இலக்கு, கலந்து பேசி வைத்த இலக்குக்குக் கிட்டத்தட்டச் சமமாகவே வேலை செய்தது. "இதைச் செய்" என்று வெட்டெனக் கொடுத்ததுதான் பின்தங்கியது. ஆகவே எண்ணை மட்டும் அறிவிக்காதீர்கள், அந்த எண் ஏன் வந்தது என்று உட்கார்ந்து சொல்லுங்கள். அதை எட்டும் வழியை அவர்கள் சொல்லட்டும்.

இன்னொன்று. யாருடைய அழைப்பு தீர்ந்தது, யாருடைய வாடிக்கையாளர் மறுபடி போன் செய்தார் என்ற கணக்கு உங்கள் கம்ப்யூட்டரில் மட்டும் இருந்தால், இன்றைக்கே ஒவ்வொருவருக்கும் அவரவர் கணக்கைத் திறந்துவிடுங்கள். தான் எங்கே நிற்கிறோம் என்றே தெரியாதவர் எதை இலக்காக வைப்பார்?

புதிதாகச் சேர்ந்தவரிடம் மட்டும் "நீங்களே சொல்லுங்கள்" என்று கேட்காதீர்கள். அவர் மிரண்டுபோவார். வேலை கைக்கு வரும்வரை பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள்.